‘இன்னும் பழுக்கலையாம்’

தாராவியில் அப்துல் வாஹித் முதலாளியின் தோல் கிடங்கில் ரோமம் பிரிக்கும் பெண்கள் ஒன்பது பேர். அவர்களில் மூத்தவள் சீனியம்மாள். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஆட்டுத்தோலிலிருந்து வழித்துப் போடும் ரோமத்தை அலசிக் காயவைத்து, வெள்ளை, கறுப்பு, செவலை என்று மூன்று கூடையாகப் பிரிக்க வேண்டும். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து புருஷனோடு ரயிலேறி வந்த வருஷத்திலிருந்து அவளுக்கு அதுதான் வேலை. புருஷன் காய்ச்சலில் போனான். ஒரே மகன் தங்கசாமி வளர்ந்து லால்பாக் பக்கம் ஒரு மில்லில் சேர்ந்தான். அவனுக்குப் பெண்டாட்டியாகக் கனகவள்ளி வந்தாள். சீனியம்மாள் மட்டும் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்தபடியே இருந்தாள்.

இடது கண் அவளுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டிலேயே போய்விட்டது. அதில் புரை விழுந்திருந்தது. மாஹிமில் சந்தைக் கூட்டத்தில் வடக்கேயிருந்து வந்த கண் வைத்தியன் ஒருவன் துணி விரித்து உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரி வேண்டாம், படுக்க வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே பார்வை தருகிறேன் என்றான். அவனுடைய ஆள் பின்னாலிருந்து அவள் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வைத்தியன் கண்ணோரத்தில் ஊசியை இறக்கி, புரையைக் கண்ணுக்குள்ளேயே அடியில் தள்ளிவிட்டான். உடனே வெளிச்சம் கொட்டியது. அவன் காட்டிய விரல்களை அவள் எண்ணிச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

பதினொரு நாள் அந்தக் கண் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் சிவந்து சீழ் கட்டியது. ஒரு மாதம் பாயோடு கிடந்து எழுந்தபோது கண் சுருங்கி உள்ளே போயிருந்தது. வைத்தியன் எந்த ஊருக்குப் போனான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து கண்ணுக்குப் பக்கத்தில் விரல் வந்தாலே சீனியம்மாளுக்கு உடம்பு உதறும்.

நாற்பத்து மூன்றில் வலது கண்ணிலும் பனி இறங்க ஆரம்பித்தது. வெள்ளைக் கூடையில் செவலை ரோமம் விழுவதை மற்றப் பெண்கள் பார்த்துச் சத்தமில்லாமல் எடுத்து மாற்றினார்கள். அப்படியே கொஞ்ச நாள் ஓடியது. பிறகு முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. கடையநல்லூர்க்காரர், வாய் கொஞ்சம் நீளம். இரண்டு வார்த்தை திட்டினார், ஆனால் விரட்டவில்லை. காய்ந்த ரோமத்தை அமுக்கிக் கட்டும் வேலைக்கு அவளை மாற்றினார். அதற்குக் கை போதும்.

கண்ணுக்குத் தனியாக வைத்தியம் பார்க்கும் ஒரு தர்ம டிஸ்பென்சரிக்குக் கனகவள்ளிதான் முதல் தடவை கூட்டிப் போனாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, புரை இன்னும் பழுக்கவில்லை, ஆறு மாதம் கழித்துக் கூட்டி வாருங்கள் என்றார். புரை நன்றாக முற்றி வெளுத்த பிறகே எடுப்பது அப்போதைய வழக்கம். ஒரு மஞ்சள் அட்டையில் தேதி போட்டு எழுதிக் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் கனகவள்ளி கவலையாக வந்தாள். சீனியம்மாளுக்கோ தூக்குத் தண்டனை தள்ளிப்போன மாதிரி இருந்தது.

அடுத்தடுத்த தடவைகள் அவள் நம்பிராஜனோடு போனாள். நம்பிராஜன் அதே வரிசையில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவன், மாட்டுங்காவில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். வேலைக்குப் போகிற வழியில் அவளை டிஸ்பென்சரி வாசலில் விட்டுவிட்டுப் போவான், மத்தியானம் வந்து கூட்டிப்போவான். நாற்பத்தைந்தாம் வருஷம் செப்டம்பரில் அப்படிப் போனபோது டாக்டர் சொல்வது மாறிவிட்டது. பழுத்துவிட்டது, அடுத்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, நாள் கடத்தினால் புரை ஊறி வீங்கிக் கண்ணையே கெடுத்துவிடும் என்று இந்தியில் இரண்டு முறை சொன்னார். அட்டையிலும் எழுதினார்.

அட்டையை அவள் மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கனகவள்ளி என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

"இன்னும் பழுக்கலையாம்" என்றாள் சீனியம்மாள்.

அவ்வளவு சுலபமாக அது வாயில் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். ஜனவரியிலும் அதையே சொன்னாள். அதற்குள் எதிரில் நிற்பவரின் முகம் தெரியாமல் போயிருந்தது. கையை ஆட்டினால் நிழல் தெரியும், வாசல் எது சுவர் எது என்று வெளிச்சத்தை வைத்துப் பிரிக்கலாம், அவ்வளவுதான். குழாயடிக்கு நாற்பத்திரண்டு காலடி என்று கணக்கு வைத்து நடந்தாள். சோற்றில் கல் கிடந்தாலும் கனகவள்ளியிடம் சொல்லாமல் விழுங்கினாள். இருக்கிற இந்த வெளிச்சத்தையாவது யாரும் ஊசியால் குத்தாமல் இருந்தால் போதும் என்று இருந்தாள்.

நாற்பத்தாறு பிப்ரவரி இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை. கப்பல்படைச் சிப்பாய்கள் வெள்ளைக்கார அதிகாரிகளை எதிர்த்து நின்றதற்கு ஆதரவாக ஊர் முழுக்க ஹர்த்தால். டிராம் இல்லை, பஸ் இல்லை, ரயிலும் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். தங்கசாமி முந்தின நாள் ராத்திரி ஷிப்டுக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

விடியும்போது சீனியம்மாளுக்கு வலது புருவத்துக்கு மேலே இலேசாகக் குத்தியது. பல் தேய்க்கும்போது குத்தல் கண்ணுக்குள் இறங்கியது. எட்டு மணிக்குள் யாரோ மண்டைக்குள் உட்கார்ந்து கண்ணை வெளியே உந்தித் தள்ளுவதுபோல ஆகிவிட்டது. அப்புறம் வாந்தி. பித்தம் தலைக்கேறிவிட்டது என்று கனகவள்ளி சுக்குத் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தாள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. சீனியம்மாள் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள். கனகவள்ளி தன் உள்ளங்கையைச் சுவருக்கும் தலைக்கும் நடுவில் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஹர்த்தாலால் வேலைக்குப் போக முடியாமல் பாதி வழியில் திரும்பி வந்த நம்பிராஜன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். வாந்தியைப் பார்த்தவன் நேராக முகத்துக்கு வந்தான்.

"சீனியக்கா, கண்ணத் தொறங்க. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன், பாக்க மட்டுந்தான் செய்வேன்."

இமைகள் வீங்கி ஒட்டியிருந்தன. பிரித்துப் பார்த்தான். வெள்ளை விழி ரத்தமாகச் சிவந்து, கரு விழி ஆவி பிடித்த கண்ணாடிபோல மங்கிக் கிடந்தது. இமைக்கு மேல் இரண்டு விரல் வைத்து மெல்ல அமுக்கினான். அவள் அலறினாள்.

"கூழாங்கல்லு மாதிரி இருக்கு" என்றான் கனகவள்ளியிடம். "இது வயித்துக் கோளாறு இல்ல, பாத்துக்க. கண்ணுதான் வாந்தி எடுக்க வைக்கி. எங்க டாக்டரு ரெண்டு பேருக்கு இப்படி வந்தப்ப என்னையத் தொட்டுப் பாக்கச் சொல்லியிருக்காரு. இன்னைக்குப் பொழுதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவலன்னா இருக்க வெளிச்சமும் போயிரும்."

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சீனியம்மாள் பாயைப் பிடித்துக்கொண்டாள். செத்தாலும் இங்கேயே சாகிறேன் என்றாள். இன்னொரு வாந்தி வந்தது. அதன் பிறகு பேசத் தெம்பு இல்லை.

பெரிய ஆஸ்பத்திரி இருந்த பரேல் வரைக்கும் போக வேண்டும். வண்டி ஒன்றும் கிடையாது. நம்பிராஜன் அப்துல் வாஹித்திடம் ஓடினான். தோல் மூட்டை ஏற்றும் கைவண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னவர், வழியில் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள், யோசித்துப் போ என்றும் சொன்னார். வண்டிப் பலகையில் சாக்கு விரித்து அவளைக் கிடத்தி, முகத்தில் ஈரத்துணி போட்டார்கள். நம்பிராஜன் முன்னால் இழுத்தான், கனகவள்ளி பின்னாலிருந்து தள்ளினாள்.

அந்தப் பயணத்தை சீனியம்மாள் பார்க்கவில்லை. பச்சைத் தோலின் வாடை மூக்கில் ஏற, சக்கரம் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் கண்ணுக்குள் ஒரு சம்மட்டி விழுந்தது. கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் தெரு வெறிச்சோடிக் கிடந்தது, சக்கரச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. தாதரை நெருங்கியபோது கூட்டம் கடல்மாதிரி இரைந்தது. வண்டி நின்றது. இளவட்டங்கள் மராட்டியில் அதட்டினார்கள். இன்றைக்கு எந்த வண்டியும் ஓடக்கூடாது, திரும்பிப் போ என்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. நம்பிராஜன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான், அவன் குரல் கூட்டத்தில் அமுங்கிப் போயிற்று. அப்போது கனகவள்ளி முன்னால் வந்து மாமியார் முகத்துத் துணியை விலக்கினாள்.

"தேக்கோ" என்றாள். "ஆங்க் ஜாத்தா ஹை."

பாருங்கள், கண் போய்க்கொண்டிருக்கிறது. அவளுக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். அதட்டல் நின்றது. பிறகு யாரோ வண்டியின் பக்கவாட்டைப் பிடித்தார்கள். நாலைந்து கைகள் சேர்ந்து கூட்டத்தின் குறுக்கே அதைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் விட்டன.

நாய்காம் தாண்டியதும் லாரிச் சத்தம் கேட்டது. ஓடு, ஓடு என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் வெடிச்சத்தம், தொடர்ந்து நாலைந்து. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சீனியம்மாள் தெருவில் உருண்டாள். கனகவள்ளி அவள் அக்குளில் கைகொடுத்து இழுத்து, ஒரு கடைப் பலகைக்குக் கீழே தள்ளித் தானும் மேலே கவிழ்ந்துகொண்டாள். மருமகளின் நெஞ்சு படபடவென்று அடிப்பது மாமியாரின் முதுகில் தெரிந்தது. எத்தனை நேரம் கிடந்தார்கள் என்று தெரியாது. பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பெண் தவழ்ந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். வாந்தி எடுத்ததை அவளே முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பலகைக்கு அடியில் கிடந்தபோது சீனியம்மாளுக்கு ஒரே நினைப்பு. செப்டம்பரில் போயிருந்தால் டிராமில் உட்கார்ந்து போயிருக்கலாம். இந்தப் பெண் இப்படித் தெருவில் கவிழ்ந்து கிடக்க வேண்டியதில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள். கனகவள்ளி அதற்குள், "அத்தை, அவுக மில்லு இந்தப் பக்கந்தான இருக்கு" என்றாள். தங்கசாமியை நினைத்துத்தான் கேட்டாள். சீனியம்மாள் சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டாள்.

வெடிச்சத்தம் ஓய்ந்ததும் நம்பிராஜன் வந்து வண்டியை நிமிர்த்தி, அவளை மறுபடி ஏற்றினான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஆகியிருந்தது. கார்பாலிக் நெடியும் ரத்த நெடியும் கலந்து அடித்தன. தாழ்வாரம் முழுக்கக் குண்டடிபட்டவர்கள் முனகிக்கொண்டு கிடந்தார்கள். இன்றைக்குப் போய்க் கண்ணா என்று ஒரு ஆள் நம்பிராஜனிடம் எரிந்து விழுந்தான். கண் டாக்டர் கிர்காமிலிருந்து வரவேண்டியவர், வழியில்லாததால் வரவில்லை என்றான். கனகவள்ளி மாமியாரைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கிடப்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசிவரை போய்த் திரும்பினாள். தங்கசாமி அங்கே இல்லை.

அப்போதுதான் தமிழ்க் குரல் ஒன்று கேட்டது. "வலி எப்போலேர்ந்து?"

ராஜலக்ஷ்மி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பெண். படிப்பு முடித்து ஆஸ்பத்திரியிலேயே தங்கி வேலை பழகிக்கொண்டிருந்த சின்ன டாக்டர். காலையிலிருந்து காயங்களுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தவள் கைகூடக் கழுவாமல் போகிற வழியில் நின்றிருந்தாள். நம்பிராஜன் சொல்லச் சொல்லக் கையைக் கழுவிக்கொண்டு வந்து கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவள் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. கண்ணின் பாவையைச் சுருக்குகிற சொட்டு மருந்தைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விட்டாள். ரத்தம் உறிஞ்சி எடுக்க நெற்றிப்பொட்டில் அட்டைப்பூச்சி ஒட்டவைத்தாள். கை நரம்பில் உப்புக் கரைசல் ஏற்றினாள். வலிக்கு ஒரு ஊசி போட்டாள். கனகவள்ளியின் பயத்தைப் பார்த்துவிட்டு வேலை செய்தபடியே விளக்கினாள்.

"கண்ணுக்குள்ள எப்பவும் கொஞ்சம் ஜலம் ஊறிண்டும் வடிஞ்சுண்டும் இருக்கும். புரை முத்திப்போய் ஊதிடுத்துன்னா வடியற வழியை அடைச்சுடும். ஊறறது நிக்காது. அழுத்தம் ஏறிண்டே போய் உள்ள இருக்கற நரம்பை நசுக்கிடும். மருந்தாலே அழுத்தத்தைக் கொஞ்சம் எறக்கலாம். ஆனா அந்தப் புரையை எடுத்தாத்தான் தீரும். முன்னாடி எங்கேயாவது காட்டினேளா?"

"காட்டினோம் டாக்டரம்மா" என்றாள் கனகவள்ளி. "ஒவ்வொரு வாட்டியும் இன்னும் பழுக்கலன்னே சொல்லிட்டாவ."

"அட்டை இருக்கா?"

கனகவள்ளி கொண்டுவரவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சீனியம்மாளின் கை இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் தேடியது. அட்டையை வெளியே எடுத்து நீட்டினாள். அது சுக்காகக் காய்ந்து மடிப்பில் கிழிந்திருந்தது. டாக்டரம்மா பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதுலே செப்டம்பர்லயே பழுத்தாச்சு, உடனே ஆபரேஷன் பண்ணணும்னு எழுதியிருக்கே. ஜனவரியிலயும் அதேதான் எழுதியிருக்கா."

சீனியம்மாள் கனகவள்ளி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நாந்தான் மறைச்சேன் தாயி. எனக்குப் பயமா இருந்துச்சு."

கனகவள்ளியின் வளையல் சத்தம் எழுந்து நகர்ந்து போயிற்று. ரொம்ப நேரம் அது திரும்பி வரவில்லை. மருந்து வேலை செய்து வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வலி விலகிய இடத்தில் சொன்ன பொய்யின் நினைப்பு உட்கார்ந்துகொண்டது. பொழுது சாய்கிற சமயத்தில் வளையல் சத்தம் திரும்பி வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் தங்கசாமி வந்தான். மில்லுக்குள் கதவடைத்துக்கொண்டு கிடந்தவர்கள் விடிந்தபிறகுதான் சந்து வழியாக வெளியேறியிருந்தார்கள். வீட்டுக்குப் போய், அங்கே சேதி கேட்டு, மறுபடி அவ்வளவு தூரமும் நடந்து வந்திருந்தான். அம்மாவிடம் கோபப்பட அவனுக்குத் தெம்பில்லை. கனகவள்ளிதான் அவனைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். முந்தின நாள் அவள் அழுது சீனியம்மாள் கேட்கவே இல்லை.

கண்ணுக்கான பெரிய டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். முக்கால்வாசித் தூரம் நடந்தே வந்தாராம். கண்ணைப் பார்த்தவர், வெளிச்சம் எந்த அளவுக்கு உள்ளே போகிறது என்று தெரிந்தால்தான் கத்தி வைப்பதைப் பற்றிச் சொல்ல முடியும் என்றார். ஓர் அறையை இருட்டாக்கி, மெழுகுவத்தியை ஏற்றி ஒவ்வொரு பக்கமாகப் பிடித்தார். ராஜலக்ஷ்மி தமிழில் கேட்டாள்.

மேலே பிடித்தபோது மேலே என்றாள் சீனியம்மாள். கீழே பிடித்தபோதும் சரியாகச் சொன்னாள். காதுப் பக்கம் பிடித்ததும் தெரிந்தது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. எங்கும் இருட்டு. அணைத்துவிட்டார்களோ என்று நினைத்தாள். ஆனால் மூக்கின் இடது பக்கமாக மெழுகு வாடை வந்தது, கன்னத்தில் இலேசாகச் சூடு பட்டது.

மூக்குப் பக்கமும் வெளிச்சம் தெரிகிறது என்று சொல்லிவிடலாம். நல்லதாய்ப் போயிற்று என்பார்கள். அல்லது எந்தப் பக்கமும் தெரியவில்லை என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால், இந்தக் கண் செத்துவிட்டது, வீட்டுக்குப் போ என்று விட்டுவிடுவார்கள், கத்தி இல்லை. இரண்டுக்குமே நாக்கு தயாராக இருந்தது. கனகவள்ளி கதவருகில் நின்று மூச்சுவிடுவது கேட்டது.

"டாக்டரம்மா, மெழுகுவத்தி மூக்குப் பக்கம் இருக்கு. சூடு தெரியி, வாடை தெரியி. வெளிச்சம் தெரியல."

ராஜலக்ஷ்மி அதை இங்கிலீஷில் சொன்னாள். பெரிய டாக்டர் மெழுகுவத்தியை அணைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள். அந்தப் பக்கத்து நரம்பு போய்விட்டது, அதை யாராலும் திருப்பித் தர முடியாது. மற்றது இருக்கிறது. நாளைக்கே எடுத்தால் அது நிற்கலாம். எடுக்கும்போது ரத்தம் கசிந்தால் மொத்தமும் போகலாம். எடுக்காவிட்டால் மொத்தமும் போவது நிச்சயம்.

மாஹிம் வைத்தியன் இடது கண்ணுக்குச் செய்ததைச் சொல்லிவிட்டு, சீனியம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள். "உள்ளயே தள்ளுவியளா, வெளிய எடுத்துருவியளா?"

"வெளியே எடுத்துடுவோம். அவன் உள்ளேயே விட்டதாலேதான் அந்தக் கண் போச்சு."

"எடுத்தத என் கையில தருவியளா? நான் தொட்டுப் பாக்கணும்."

ராஜலக்ஷ்மி பெரிய டாக்டரிடம் கேட்டாள். தருகிறேன் என்றார். சம்மதக் காகிதத்தில் கைநாட்டு வைக்க சீனியம்மாள் பெருவிரலை நீட்டினாள். மையைத் தடவிக் காகிதத்தில் அழுத்தியவள் கனகவள்ளி.

திங்கட்கிழமை காலை. கண்ணில் மருந்து விட்டு மரத்துப்போக வைத்தார்கள், ஊசியும் போட்டார்கள். ஆனால் காது விழித்திருந்தது. தட்டில் கருவிகள் மோதுவது கேட்டது. இரண்டு கைகள் தலையின் இரு பக்கமும் பற்றின. எட்டு வருஷத்துக்கு முந்தைய சந்தைக் கூட்டம் அப்படியே எழுந்து வந்தது. அவளுடைய கால்கள் தானாகவே துள்ளின. தலையைப் பிடித்திருந்தவள் குனிந்து, "நான்தான். ராஜலக்ஷ்மி. மூச்சை மெதுவா விடுங்கோ, இருமல் வந்தா சொல்லுங்கோ" என்றாள். சீனியம்மாள் கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ண ஆரம்பித்தாள். நூற்றுப் பதினேழு வரை எண்ணியது நினைவிருக்கிறது. அப்போது கண்ணுக்குள் ஏதோ நழுவியது. வலி இல்லை. பெரிய டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் அவள் கிடந்தாள்.

கட்டு போட்டு முடித்ததும் அவள் உள்ளங்கையில் ஈரப் பஞ்சோடு அந்தப் புரை வைக்கப்பட்டது. விரலால் தடவினாள். வேகவைத்த மொச்சையைவிடச் சின்னது, வழவழப்பாக, ஒரு பக்கம் உப்பலாக இருந்தது. இத்தனூண்டா என்று நினைத்தாள். எட்டு வருஷமாகத் தன்னை மிரட்டியது விரல்நுனியில் நசுங்குகிற ஒன்று என்று நம்புவது கஷ்டமாக இருந்தது.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். இரண்டு கண்ணிலும் கட்டு, தலையின் இரு பக்கமும் மணல் மூட்டை. ஒன்பது நாள் மல்லாந்து படுத்த வாக்கிலேயே கிடக்க வேண்டும். இருமக்கூடாது, தும்மக்கூடாது, மலச்சிக்கலில் முக்கக்கூடாது. கஞ்சியை மூக்கு வைத்த கிண்ணத்தால் கனகவள்ளி ஊட்டினாள். பெட்பேன் வைத்து எடுத்தாள். எல்லாம் செய்தாள், தேவைக்கு மேல் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை சீனியம்மாளுக்குத் தும்மல் வந்தது. மூக்கு சுருங்குவதைப் பார்த்த கனகவள்ளி பாய்ந்து மேலுதட்டை இறுக்கி அழுத்திக்கொண்டாள். தும்மல் வந்த வழியே போயிற்று. அந்தக் கை விலகுவதற்கு முன்னால் சீனியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். கனகவள்ளி கையை உருவிக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். முதலில் வெறும் வெள்ளைக் கூச்சம். தண்ணீருக்கடியிலிருந்து பார்ப்பதுபோல உருவங்கள் அலைந்தன. பெரிய டாக்டர் தடித்த கண்ணாடி ஒன்றை முன்னால் பிடித்தார். அலைந்தவை சேர்ந்து ஒன்றாகின. சுண்ணாம்புச் சுவர், ஜன்னல் கம்பி, ஒரு முகம். எலும்பு துருத்திய கன்னம், கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"யாரு இது?" என்று கேட்டாள் சீனியம்மாள்.

"நாந்தான், கனகு" என்றது முகம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கடைசியாகத் தெளிவாகப் பார்த்தபோது அது உருண்டையான முகம். சீனியம்மாள் கண்ணாடியைத் தள்ளிவிட்டாள். அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று ராஜலக்ஷ்மி சத்தம் போட்டாள்.

டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. நேராகவும் வலது பக்கமும் பார்வை நின்றது. இடது பக்கம் முழுவதும் போயே போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஆளும் தெரியாது, மாட்டு வண்டியும் தெரியாது. கண்ணாடி போட்டால் எல்லாம் பெரிதாகத் தெரிந்து, படி இறங்கும்போது கால் தடுமாறும். ரோமத் தூசி ஆகாது என்பதால் அவள் கிடங்குக்குள் போகவில்லை. அப்துல் வாஹித் வாசலில் பானை வைத்து வேலையாட்களுக்குக் குடிதண்ணீர் மொண்டு கொடுக்கிற வேலையைக் கொடுத்தார்.

மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணின் அழுத்தத்தைப் பார்த்துவர வேண்டும். கனகவள்ளிதான் கூட்டிப் போவாள், எப்போதும் அவளுடைய இடது பக்கமாக நடந்து. ஆகஸ்டில் ஒரு நாள் நல்ல மழை. தாதரில் டிராம் தண்ணீரில் நின்றுவிட்டது. பெட்டியில் அவர்கள் இரண்டு பேரோடு தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர் மட்டும். கனகவள்ளி வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அத்தை, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த எடத்துலதான் அன்னைக்குக் கூட்டத்துல வண்டிய மறிச்சாவ. அதுக்கப்புறம் வெடிச் சத்தம் கேட்டு ஒங்க மேல கவுந்து கெடந்தம்லா, அப்ப ஒரு நிமிசம் எனக்குத் தோணிச்சு. இவுக இங்கனையே செத்துட்டா நான் எந்திரிச்சு அவுகளத் தேடிப் போயிரலாம்னு."

சீனியம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். இடது பக்கம் உட்கார்ந்திருந்ததால் முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது.

"அட்டையில எழுதியிருந்தத வாசிச்சப்ப ஒங்கள அறையணும் போல இருந்துச்சு" என்றாள் கனகவள்ளி. "அதான் எந்திரிச்சுப் போனேன். ஆனா நானும் யோக்கியம் இல்லலா. அதான் பேச்சு வரல."

"ஒனக்கு ஒரு நிமிசந்தான தோணிச்சு" என்றாள் சீனியம்மாள். "நான் ஆறு மாசமா பொய் சொன்னேன்."

கனகவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழை நிற்கும் என்று காத்திருந்தால் ஆஸ்பத்திரியில் நேரம் தப்பிவிடும், நடந்தே போய்விடலாமா என்று கேட்டாள். சீனியம்மாள் கண்ணாடியைக் கழற்றி மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு எழுந்தாள். கனகவள்ளி முதலில் தண்ணீரில் இறங்கி, ஆழம் பார்த்துவிட்டு, இடது பக்கமாக நின்று கையை நீட்டினாள்.